நன்னீர்த் திருக்கை வாங்கக் கொளத்தூருக்குப் போகும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

பெரம்பூரில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் இரண்டு மோட்டோரோ திருக்கைகள் இப்போது நலமாக வளர்கின்றன. இவற்றுக்கு முன்னால் நான் வாங்கிய திருக்கை பதினோராம் நாள் இறந்துவிட்டது. அந்த மீனிடம் எந்தக் குறையும் இல்லை. தொட்டியில் கழிவை மாற்றும் நல்ல பாக்டீரியா வளர்ந்து பழகவில்லை, தண்ணீரை நான் சோதிக்கவில்லை, கையில் ஒரு தாள்கூட இல்லை. மீனை முதலில் வாங்கிவிட்டு மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையை மாற்றியதுதான் தவறு. அதே வரிசையில் இறங்கத் தயாராக இருக்கும் பலரைச் சென்னையின் வண்ண மீன் சந்தையான கொளத்தூரின் கடைகளில் பார்க்கிறேன். அவர்களுக்காகவும், அவர்கள் கையில் சிக்கவிருக்கும் மீன்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இங்கே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். மீனைத் தேர்ந்தெடுப்பது முதல் படியிலேயே தொடங்கிவிடும் என்றாலும், மீனுக்குப் பணம் கொடுப்பது ஆறாம் படியில்தான் வரும்.

1. மீனின் முழு வளர்ச்சியை வைத்து இனத்தை முடிவு செய்யுங்கள்

வீட்டுத் தொட்டிகளுக்கு வரும் நன்னீர்த் திருக்கைகளில் பெரும்பாலானவை தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த பொட்டமோட்ரைகான் பேரினத்தின் உறுப்பினர்கள். கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது மோட்டோரோ; பழுப்பு நிறத் தட்டின் (வட்டமான தட்டை உடலின்) மேல் கறுப்பு வளையம் சூழ்ந்த மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் புள்ளிகள் இருக்கும். அடுத்தது லியோபோல்டி, கரிய உடலில் வெண்புள்ளிகள் கொண்ட இது, இயற்கையில் பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் படுகையில் வாழ்வது, விலையும் பல மடங்கு. ஹென்லெய், ஜபுட்டி போன்றவையும் எப்போதாவது வரும்.

இங்கே முதல் பொறி காத்திருக்கிறது. "டீகப் திருக்கை" என்ற பெயரில் உள்ளங்கை அளவுக் குஞ்சுகளை விற்கிறார்கள். "அண்ணே, இது இந்த சைஸ்லயே நின்னுடும், மூணடித் தொட்டி போதும்" என்று என்னிடமும் சொன்னார்கள். அப்படி நின்றுவிடும் திருக்கை இனம் எதுவும் கிடையாது. டீகப் என்பது ஓர் இனத்தின் பெயரே அல்ல, வெவ்வேறு இனங்களின் குஞ்சுகளுக்கு வியாபாரத்தில் வைத்த பெயர். மோட்டோரோவின் தட்டு நல்ல பராமரிப்பில் ஒன்றரை அடி அகலம் வரை போகும், பெண் மீன்கள் அதையும் தாண்டும். லியோபோல்டிப் பெண்ணும் அப்படியே. வாலின் நீளம் இந்தக் கணக்கில் சேராது. பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிர் இது என்பதால், வீடு மாற வேண்டிய சூழல் இருக்கிறதா, வாடகை வீடா, சொந்த வீடா என்பதையும் இப்போதே எண்ணிப் பாருங்கள்.

முதல்முறை வளர்ப்பவருக்கு என் பரிந்துரை மோட்டோரோதான். லியோபோல்டியின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரில் விற்கப்படுபவற்றில் மோட்டோரோவுடன் கலந்து பிறந்த கலப்பினங்கள் நிறைய. குஞ்சுப் பருவத்தில் வேறுபாடு தெரிவதும் கடினம். தட்டின் கறுப்பு பழுப்பாக மங்கித் தெரிந்தாலோ, புள்ளிகள் மஞ்சளாக இருந்தாலோ, தூய லியோபோல்டி என்ற விலையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணூர் முகத்துவாரத்திலோ பழவேற்காட்டிலோ வலையில் வரும் சிறு திருக்கையைக் கொண்டுவந்து நன்னீரில் பழக்கலாம் என்று சிலர் யோசனை கூறுவார்கள். அவை உப்புநீரில் வாழ்பவை, உங்கள் தொட்டியில் துன்பப்பட்டுச் சாகும். மேலும், நம் நாட்டுத் திருக்கைகளில் சில வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. அவற்றை வைத்திருப்பதே குற்றம்.

2. தாள்கள்: பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பெரும்பாலோர் தவறவிடும் படி இது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இனங்களுக்காக, இந்தத் திருத்தம் நான்காம் அட்டவணை என்ற ஒன்றைத் தனியாக ஏற்படுத்தியது. அந்த அட்டவணையில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். பதிவின் முறையை 2024 பிப்ரவரியில் வெளியான விதிகள் வகுத்துள்ளன: ஒன்றிய அரசின் பரிவேஷ் 2.0 தளத்தில், மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு மின்வழியில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய உடைமைகளுக்கு அளித்திருந்த ஆறு மாத அவகாசம் 2024 ஆகஸ்ட் இறுதியோடு முடிந்துவிட்டது. இனி வாங்குவோர், விலங்கு தம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

திருக்கைக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். லியோபோல்டி, ஹென்லெய், ஜபுட்டி, வாலசெய் உள்ளிட்ட 7 பொட்டமோட்ரைகான் இனங்கள், 2022 நவம்பரில் பனாமா நகரில் நடந்த மாநாட்டில் சைட்டீஸ் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. மோட்டோரோ, கொலம்பியாவின் கோரிக்கையால் 2017 முதல் மூன்றாம் பின்னிணைப்பில் இருக்கிறது. ஆகவே "இது சாதாரண மீன்தான் சார், இதுக்கெல்லாம் பேப்பர் கிடையாது" என்ற பேச்சை ஏற்காதீர்கள். எந்த இனத்தை வாங்கப்போகிறீர்களோ, அதன் அறிவியல் பெயரை எழுதி வைத்துக்கொண்டு, அட்டவணையில் அது எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்த பிறகு கடைக்குச் செல்லுங்கள்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இவை: மீனின் அறிவியல் பெயர், எண்ணிக்கை, பால், தேதி ஆகியன எழுதிய விற்பனை ரசீது, மீன் வெளிநாட்டுப் பண்ணையிலிருந்து வந்திருந்தால் இறக்குமதித் தாள்களின் நகல், உள்நாட்டில் பிறந்ததென்றால் ஈன்ற மீன்களின் பதிவு விவரம். வெறும் "வண்ண மீன் 2" என்று எழுதிய ரசீது எதற்கும் பயன்படாது. என் முதல் மீனுக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட ரசீதுதான், அதைத் திருத்தித் தரும்படி நான் மூன்று முறை போய்க் கேட்டும் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை வாங்கியபோது, தாள்களின் நகலை முன்கூட்டியே காட்டிய கடையில் மட்டும் பேசினேன். விலை சற்றுக் கூடுதலாக இருந்தது, கொடுத்தேன்.

விண்ணப்பத்துக்கு நான் தயார் செய்தவை: அடையாளச் சான்று, முகவரிச் சான்று, ரசீது, இறக்குமதித் தாள் நகல், தொட்டியின் அளவும் புகைப்படமும், ஒவ்வொரு மீனையும் மேலிருந்து எடுத்த தெளிவான புகைப்படம். கடைசியாகச் சொன்னது முக்கியம். புள்ளிகளின் அமைப்பு மீனுக்கு மீன் மாறுவதால் அதுவே அடையாளக் குறியாக அமையும். தட்டு முழுவதும் தெரியும்படி, பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கும்படி எடுங்கள். தாள்களைத் தேடி இணைப்பதற்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது. 30 நாள் என்பது நீண்ட காலம் என்று எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். பதிவோடு கடமை முடிவதில்லை. குட்டி பிறந்தாலும், மீன் இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் அதையும் தெரிவிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து தனியாளாக நேரே வரவழைக்க முயல வேண்டாம். உயிருள்ள மீனுக்கான சுகாதார இறக்குமதி அனுமதி, சைட்டீஸ் தாள்கள், தனிமைப்படுத்தல் என்று ஒவ்வொன்றும் தனி வேலை. அது வணிகர்களுக்கான வழி.

3. தரையும் தொட்டியும்

திருக்கைக்கு உயரம் தேவையில்லை, பரப்பு தேவை. நான் பின்பற்றும் கணக்கு இது: தொட்டியின் அகலம் வளர்ந்த மீனின் தட்டைப் போல் இரு மடங்குக்குக் குறையாமலும், நீளம் நான்கு மடங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். ஒன்றரை அடித் தட்டுக்கு ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் வரும். அது ஒரு மீனுக்கான கீழ் எல்லை. இரண்டு மீன்களுக்கு எட்டுக்கு நான்கு அடி வேண்டும். கொளத்தூரில் ஆயத்தமாக விற்கும் பெரிய தொட்டிகளில் பெரும்பாலானவை ஒன்றரை அல்லது இரண்டு அடி அகலமே கொண்டவை. அவை அரோவனாவுக்காகச் செய்தவை. அவற்றில் வளரும் திருக்கையால் திரும்பக்கூட முடியாது, தட்டின் விளிம்பு மடங்கிப்போகும். எனவே அளவு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

என் தொட்டி எட்டடி நீளம், நான்கடி அகலம், இரண்டடி உயரம், 12 மி.மீ. கண்ணாடி. ஒன்றேமுக்கால் அடிக்குத் தண்ணீர் நிற்கும்போது ஏறத்தாழ 1,600 லிட்டர். தண்ணீர் 1,600 கிலோ, கண்ணாடி 220 கிலோ, இரும்பு ஸ்டாண்டு 150 கிலோ என்று சேர்த்தால் இரண்டு டன்னை நெருங்குகிறது. அது மூன்று சதுர மீட்டர் பரப்பில் இறங்குகிறது. சதுர மீட்டருக்கு 650 கிலோவுக்கு மேல். குடியிருப்பு வீடுகளின் தளத்தை வடிவமைக்க இந்தியத் தரக் குறியீடு எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவே. ஆகவே மாடி வீட்டில், குறிப்பாக வாரியக் குடியிருப்புகளிலும் பழைய அடுக்ககங்களிலும், இத்தகைய தொட்டியை வைக்கவே கூடாது. பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து எழுத்தில் சொன்னாலன்றி மாடி என்ற பேச்சுக்கே இடமில்லை. தரைத்தளத்திலும் கழிவுநீர்த் தொட்டியின் மேலோ, மெட்ரோ தண்ணீரை (மாநகரக் குடிநீரை) தேக்கும் நிலத்தடி சம்ப்பின் மேலோ அமையாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தரைத்தளம் என்றால் வெள்ளம் நினைவுக்கு வர வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் தண்ணீர் நாட்கணக்கில் நின்றதும், மின்சாரம் இல்லாமல் இருந்ததும் நமக்கெல்லாம் தெரியும். தெருவில் அதிகபட்சம் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்தில் நெடுங்காலம் இருப்பவர்களிடம் கேளுங்கள். தொட்டியின் அடிப்பகுதியும் மின்இணைப்புப் பலகையும் அந்த அளவுக்கு மேலே இருக்க வேண்டும். தரையோடு தரையாகக் கட்டும் சிமெண்டுத் தொட்டி செலவு குறைந்ததுதான், திருக்கைக்கும் மிக ஏற்றது, ஆனால் எங்கள் தெருவில் அதைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. மேட்டுப் பகுதியில் இருப்பவர்கள் தாராளமாக அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

அடியில் மணல் போடாமல் விடுவது குற்றமில்லை. போடுவதென்றால் ஓர் அங்குல உயரத்துக்கு மிக நுண்ணிய, உருண்டையான ஆற்று மணலைச் சலித்துக் கழுவிப் போடுங்கள். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் வேண்டவே வேண்டாம். அதன் கூரிய முனைகள் மீனின் வயிற்றைக் கீறிப் புண்ணாக்கிவிடும். திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சல் தூளும் இருப்பதால் அதுவும் ஆகாது. பெரிய கற்கள், மரக்கட்டைகள் தேவையில்லை. ஹீட்டர் வைத்தால், தொட்டித் தண்ணீரை வடிகட்டும் தனித் தொட்டியான சம்ப்பில் வையுங்கள். தொட்டியில் வைத்தால் திருக்கை அதன் மேல் படுத்து வெந்துபோகும்.

4. தண்ணீர்

வடசென்னைக்காரர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். நமக்கு மூன்று வகைத் தண்ணீர் கிடைக்கிறது: குழாயிலோ லாரியிலோ வரும் மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர். கடைசி வகையைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். வாரம் ஐந்நூறு லிட்டருக்கு அது கட்டுபடியாகாது.

போர் தண்ணீரை, கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்து முதலில் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் அது கோடையில் 1,400 வரை காட்டியது. கடலோரப் பகுதிகளான தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பதால் இன்னும் கூடும். இந்தத் தண்ணீரில் பி.எச். அளவும் 8ஐ நெருங்கும். பி.எச். உயர உயர அமோனியாவின் நஞ்சுத்தன்மையும் ஏறும் என்பதால், உணவு அதிகம் தின்று அதிகம் கழிக்கும் திருக்கைக்கு இது இரட்டை ஆபத்து. 6.5 முதல் 7.5 வரை பி.எச்., 26 முதல் 29 டிகிரி வெப்பம் என்பது பாதுகாப்பான எல்லை.

மெட்ரோ தண்ணீர் இதற்கு ஏற்றது, ஆனால் அதில் குளோரின் இருக்கும். லாரித் தண்ணீரில் சில நாட்களில் மூக்கில் ஏறும் அளவுக்கு இருக்கும். எனவே இரண்டு 500 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிகளை வாங்கி வைத்து, தண்ணீரைப் பிடித்து, கடைகளில் ஹைப்போ என்று சொன்னால் தரும் சோடியம் தயோசல்பேட்டை அதன் உறையில் சொன்ன அளவில் போட்டு, ஏர் மோட்டார் வைத்து ஒரு நாள் முழுவதும் காற்றோட்டம் கொடுங்கள். குளோரின் சோதனைச் சொட்டு மருந்தில் நிறம் வராதது உறுதியான பிறகே தொட்டியில் சேருங்கள். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். என் தொட்டிக்கு அது 530 லிட்டர். கோடையில் குழாயில் தண்ணீர் வருவது குறையும் மாதங்களில் இந்த 530 லிட்டர் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை தெரியாமல் மீன் வாங்காதீர்கள். ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீரைப் போர் தண்ணீரோடு கலந்து டி.டி.எஸ். அளவைக் குறைப்பது நடைமுறையில் சாத்தியம். எதைச் செய்தாலும் வாரா வாரம் ஒரே விகிதத்தில் செய்யுங்கள். ஏற்ற இறக்கமே மீனைக் கொல்கிறது.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். மீன் சோர்ந்தால் கைப்பிடி கல்லுப்பைப் போடுவது நம் ஊர் வழக்கம். கடல் திருக்கைகள் உடலில் யூரியாவைத் தேக்கி உப்புநீரைச் சமாளிக்கின்றன. நன்னீர்த் திருக்கைகள் அந்தத் திறனை இழந்துவிட்டவை. அவற்றின் தொட்டியில் உப்பைப் பழக்கமாகப் போடாதீர்கள். செம்பு கலந்த மருந்துகளும், புழுவுக்குப் போடும் பூச்சிக்கொல்லி வகை மருந்துகளும் அவற்றுக்கு நஞ்சு. மருந்து போடும் நிலை வந்தால் அனுபவமுள்ள மீன் நோய் மருத்துவரைக் கேளுங்கள். மாதவரத்தில் தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருப்பது நமக்குப் பெரிய வாய்ப்பு.

5. வடிகட்டியும் ஆறு வாரக் காத்திருப்பும்

தொட்டியின் கொள்ளளவைப் போல் மணிக்கு ஐந்து மடங்கு தண்ணீராவது சம்ப் வழியாகச் சுழல வேண்டும். சம்ப்பில் பஞ்சு, அதன் பின் செராமிக் ரிங், அதன் பின் காற்றில் உருளும் பிளாஸ்டிக் மீடியா என்று அடுக்கலாம். இவற்றில் நல்ல பாக்டீரியா வளர்ந்து அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். என் முதல் மீன் இறந்தது இதற்காகக் காத்திருக்காததால்தான். ஐந்தாம் நாள் அது தட்டின் விளிம்பைச் சுருட்டத் தொடங்கியது. பதற்றத்தில் நான் மருந்து வாங்கி ஊற்றினேன். சோதித்துப் பார்த்திருந்தால் அமோனியாதான் காரணம் என்று அன்றே தெரிந்திருக்கும்.

சில மோலி மீன்களை விட்டு அளவாக உணவிட்டுத் தொட்டியைப் பழக்குங்கள். ஏற்கெனவே ஓடும் ஆரோக்கியமான தொட்டியிலிருந்து நண்பர் ஒருவர் ஒரு பை மீடியா கொடுத்தால் காலம் பாதியாகக் குறையும். சொட்டு மருந்து வகைச் சோதனைப் பெட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து ஒரு வாரம் பூஜ்யமாக நின்றால் தொட்டி தயார்.

மின்சாரக் கணக்கையும் போட்டுவிடுங்கள். பம்பும் ஏர் மோட்டாரும் சேர்ந்து 100 வாட் என்றால் நாளுக்கு 2.4 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 144 யூனிட் கூடும். மின்தடைக்கு இன்வெர்ட்டரிலோ தனி மின்கலத்திலோ ஓடும் ஏர் மோட்டார் ஒன்று கட்டாயம். மே மாதத்தில் தண்ணீர் 31 டிகிரியைத் தாண்டினால் கரைந்த ஆக்சிஜன் குறையும்; தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு டிகிரி வரை இறங்குகிறது, ஆவியாவதை மட்டும் ஈடுசெய்ய வேண்டும்.

இதுவரை எனக்கு ஆன செலவு: தொட்டி 46,000 ரூபாய், ஸ்டாண்டு 18,000, சம்ப்பும் மீடியாவும் 22,000, பம்புகள் 9,500, மின்கலத்தோடு ஏர் மோட்டார்கள் 6,000, சின்டெக்ஸ் தொட்டிகள் 7,000, சோதனைப் பெட்டிகள் 3,200, ஆகமொத்தம் 1,11,700 ரூபாய். இரண்டு மோட்டோரோக்களுக்கு நான் கொடுத்தது 18,000. மீனின் விலை முழுச் செலவில் ஏழில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். கடையில் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு "முடியும்" என்று முடிவெடுப்பவர்கள் மீதி ஆறு பங்கை மறந்துவிடுகிறார்கள்.

6. கடையில் மீனைத் தேர்ந்தெடுத்தல்

இப்போது கொளத்தூருக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போகாதீர்கள். வார நாளில், மீன்களுக்கு உணவிடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். புதிதாக வந்திறங்கிய மீனை அன்றே வாங்காதீர்கள். கடைக்கு வந்து இரண்டு வாரமாவது ஆகி, கண்ணெதிரே ஆர்வமாகத் தின்னும் மீனையே வாங்குங்கள். தின்பதைக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

தட்டின் அகலம் 12 செ.மீ.க்குக் குறைந்த குஞ்சு வேண்டாம். விலை மலிவாக இருக்கும், ஆனால் நாளுக்கு மூன்று முறை உணவு கேட்கும், சிறு தவறையும் தாங்காது. பிறகு மேலிருந்து பாருங்கள். வாலின் அடியில், இடுப்பின் இருபக்கமும் எலும்புகள் புடைத்துத் தெரிந்தால் அந்த மீன் பல நாள் பட்டினி கிடந்தது. அதைத் தேற்றுவது அனுபவசாலிக்கே கடினம். தட்டின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் விலகிவிடுங்கள். கண்ணுக்குப் பின்னால் உள்ள மூச்சுத் துளைகள் சீராகத் திறந்து மூட வேண்டும். படபடவென்று அடித்தால் தண்ணீரில் கோளாறு, அல்லது மீனில் கோளாறு. அடிப்பக்கத்தைப் பார்க்கக் கண்ணாடியோரம் மீன் ஏறும்வரை பொறுத்திருங்கள்: வயிறு வெண்மையாக, சற்று நிறைந்து இருக்க வேண்டும், சிவந்த திட்டுகளோ கீறல்களோ இருக்கக் கூடாது. வாலில் கடிபட்ட தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாலில் உள்ள நச்சு முள் மட்டும் இல்லாமல் இருந்தால் கவலை வேண்டாம், அது அவ்வப்போது உதிர்ந்து மீண்டும் முளைக்கும்.

ஆண், பெண் அறிவது எளிது. ஆண் மீனுக்கு வாலின் தொடக்கத்தில், இடுப்புத் துடுப்புகளின் உட்புறம் விரல் போன்ற இரண்டு உறுப்புகள் நீண்டிருக்கும், குஞ்சிலேயே தெரியும். வளர்ந்த ஆண், பெண்ணின் தட்டைக் கடித்துப் பற்றும் பழக்கம் உடையது. ஒரே தொட்டியில் ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் வைக்கும் இடம் இல்லாவிட்டால், நான் செய்ததைப் போல இரண்டு பெண் மீன்களை வாங்குங்கள். ஆணும் பெண்ணும் வைத்தால் குட்டிகள் பிறக்கும், ஒவ்வொரு குட்டிக்கும் அறிவிப்பும் இடமும் வேண்டும்.

தோழமை மீன்களில் "டேங்க் கிளீனர்" என்று விற்கும் சக்கர் மீனைத் திருக்கையோடு விடவே கூடாது. அது இரவில் திருக்கையின் மேல் ஒட்டிக்கொண்டு வழவழப்புப் படலத்தை உறிஞ்சிப் புண்ணாக்கும். ஃபிளவர்ஹார்ன் கண்ணைக் கொத்தும். சில்வர் அரோவனா, சில்வர் டாலர் போன்ற மேல்மட்ட, நடுமட்ட மீன்கள் ஒத்துப்போகின்றன.

7. வீட்டுக்குக் கொண்டுவருதல், உணவு

முந்தைய நாள் உணவிடாமல் வைக்கச் சொல்லுங்கள். வலையால் பிடிக்கக் கூடாது, முள் சிக்கி மீனும் ஆளும் காயப்படுவார்கள். அகன்ற டப்பை நீரில் அமிழ்த்தி மீனை அதற்குள் ஓட்டிப் பிடிக்க வேண்டும். முள்ளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இரட்டைப் பையில், ஆக்சிஜன் நிரப்பித் தருமாறு கேளுங்கள். மாலையில் வெயில் தாழ்ந்த பின் கிளம்புங்கள். வீட்டில் பெரிய டப்பில் விட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் சேர்த்த பிறகு விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். முதல் இரவு விளக்கு வேண்டாம்.

இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருப்பது இயல்பு. மண்புழுவுக்கு மயங்காத திருக்கையை நான் பார்த்ததில்லை. பிறகு தோல் உரித்த இறால், முள் நீக்கிய மீன் துண்டு, மூழ்கும் தீவனம் என்று பழக்குங்கள். இறாலை விடியற்காலையில் காசிமேட்டில் வாங்கிக் கழுவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக உறையவைத்துக்கொள்கிறேன். இரண்டு மீன்களுக்கும் மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. இறாலை மட்டுமே கொடுத்தால் வைட்டமின் பி1 குறைபாடு வரும், எனவே மாற்றி மாற்றிக் கொடுங்கள். சாக்கடைக் கால்வாய்களில் அள்ளிவரும் டியூபிஃபெக்ஸ் புழுவையும், உயிருள்ள தீனி மீனையும் தவிருங்கள், நோய் அவற்றின் வழியாகவே நுழைகிறது.

8. முள் குத்தினால்

காசிமேட்டு மீனவர்களுக்குத் திருக்கை முள்ளின் வலி தெரியும். நன்னீர்த் திருக்கையின் முள்ளும் அதே வகைதான், நஞ்சுள்ளது. தொட்டிக்குள் கைவிடும்போது மீன் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் விடாதீர்கள், மணலுக்குள் புதைந்திருக்கும். குழந்தைகள் கைவிட முடியாதபடி மூடி வேண்டும். முள்ளை வெட்டிவிடலாம் என்பவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். மீனுக்குக் காயம், முள்ளும் மீண்டும் வளரும்.

குத்திவிட்டால், காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். அந்த நஞ்சு வெப்பத்தில் செயலிழக்கும் புரதம் என்பதால் வலி தணியும். வலியில் மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, ஆகவே குத்துப்படாத கையாலோ வேறொருவர் கையாலோ சூட்டைச் சரிபாருங்கள். காயத்தைக் கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் கூடாது. வலி தணிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முள் முறிந்து உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவை. மார்பிலோ வயிற்றிலோ குத்தினாலும், மூச்சுத் திணறினாலும், மயக்கம் வந்தாலும் வெந்நீருக்காகக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். எங்களுக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை; போகும் வழியையும் ஆளையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறோம்.

9. வளர்க்க முடியாமல் போனால்

வேலை மாற்றமோ வீட்டுச் சூழலோ வந்து வளர்க்க இயலாமல் போகலாம். அப்போது ரெட்டேரியிலோ புழல் ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் யாரோ விட்ட மோட்டோரோக்கள் பெருகி நிலைத்துவிட்டன. நம் ஏரி வெப்பமும் அவற்றுக்கு ஒத்துவரும், இறங்கி மீன் பிடிப்பவர்களின் கால்தான் அந்த முள்ளில் படும். தொட்டி தயாராக உள்ள வேறொரு வளர்ப்பாளரிடம், ரசீது நகலையும் பதிவு விவரத்தையும் புகைப்படங்களையும் சேர்த்துக் கொடுத்து, கைமாற்றத்தைப் பரிவேஷ் தளத்தில் தெரிவியுங்கள். பெறுபவருக்கும் அதே 30 நாள் கணக்கு தொடங்குகிறது என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.